ஃபேட்32 ஹார்ட் டிஸ்கை, உள்ளே இருப்பது போகாமல் என்டிஎஃப்எஸ் ஆக்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு ஜீவன்பீமா நகரில் இருக்கிறோம். வீட்டில் 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஃபேட்32 என்று காட்டுகிறது. குடும்பப் போட்டோக்கள், அப்பாவின் பழைய கணக்கு, பாட்டு என்று 780 ஜிபி நிரம்பிவிட்டது. தங்கையின் கல்யாண வீடியோ 6 ஜிபி. அதைப் போடப்போனால் "ஃபைல் ரொம்பப் பெரியது" என்று நின்றுவிடுகிறது, 150 ஜிபி காலியாக இருந்தும். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டதற்கு ஃபார்மேட் பண்ணுவதுதான் ஒரே வழி என்றார்கள். டேட்டா போகாமல் மாற்ற முடியாதா? தம்பி உபுண்டு வைத்திருக்கிறான், அவனுக்காக இஎக்ஸ்டி4 ஆக்கிவிடலாமா? டிவியிலும் செருகுவோம்.

பதில்: முடியும். ஃபேட்32, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், இஎக்ஸ்டி4 எல்லாம் ஃபைல் சிஸ்டங்கள், அதாவது எந்த ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் முறைகள். முதல் மூன்றும் விண்டோஸ் பக்கம், கடைசியது உபுண்டு போன்ற லினக்ஸ் பக்கம். ஃபேட்32-இலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போக மட்டும் விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது, 'கன்வர்ட்' என்று பெயர். ஃபார்மேட் வேண்டாம், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் அது ஒருவழிப்பாதை. என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஃபேட்32-க்குத் திரும்ப, எக்ஸ்ஃபேட்டுக்குப் போக, இஎக்ஸ்டி4-க்குப் போக, இவை எதற்கும் விண்டோஸில் வழி இல்லை. எக்ஸ்ஃபேட்டில் இருக்கும் டிஸ்கை கன்வர்ட் தொடவே தொடாது. அங்கெல்லாம் 'மாற்றுவது' என்றால் டேட்டாவை வேறு டிஸ்கில் எடுத்துவைத்து, ஃபார்மேட் போட்டு, திரும்பக் கொண்டுவருவதுதான். ஆகவே கடைக்காரர் சொன்னது உங்கள் விஷயத்தில் பாதிதான் சரி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் இந்த 780 ஜிபிக்கு முதலில் இன்னொரு பிரதி வேண்டும். கன்வர்ட் கெட்ட கருவி என்பதால் சொல்லவில்லை. குடும்பப் போட்டோ முழுக்க ஒரே ஒரு டிஸ்கில் இருக்கிறது என்கிறீர்கள். ஃபைல் சிஸ்டத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது ஆபத்தான நிலைமை.

முதலில், ஏன் 6 ஜிபி ஏறவில்லை என்று பார்ப்போம். ஃபேட்32 ஒவ்வொரு ஃபைலின் அளவையும் 32 பிட்டில் எழுதி வைக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட்டு குறைவு. அதற்கு மேல் எண்ணை எழுத இடமில்லை, அவ்வளவுதான். டிஸ்கில் எத்தனை ஜிபி காலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1996-இல் விண்டோஸ் 95-இன் இரண்டாவது வெளியீட்டோடு ஃபேட்32 வந்தபோது 4 ஜிபியில் ஒரு முழு டிஸ்க்கே அடங்கிவிடும், ஒரு ஃபைல் அந்த அளவுக்கு வரும் என்று யாரும் எண்ணவில்லை. என்டிஎஃப்எஸ் அதற்கு முன்பே, 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்துவிட்டது. ஆனால் டிவி, கார் ஸ்டீரியோ, கேமரா எல்லாமே ஃபேட்டைத்தான் படித்ததால், இன்றுவரை டிஸ்குகள் ஃபேட்32-இல் உலவுகின்றன.

அடுத்து, எந்த ஃபைல் சிஸ்டம் உங்களுக்குச் சரி? டிஸ்க் எந்தக் கம்ப்யூட்டரோடு அதிக நாள் வாழப்போகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் விண்டோஸ், உபுண்டு, டிவி மூன்றும் இருக்கின்றன. இதில் இஎக்ஸ்டி4 தம்பிக்கு மட்டும்தான் பயன்படும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு: இஎக்ஸ்டி4 டிஸ்கை விண்டோஸில் செருகினால், "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். வீட்டில் யாராவது அவசரத்தில் சரி என்று தட்டினால் அடுத்த ஓரிரு கிளிக்கில் எல்லாம் போச்சு. பலர் கூடிப் பயன்படுத்தும் டிஸ்கை இஎக்ஸ்டி4 ஆக்க வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. உபுண்டு என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதும். முன்பு என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற தனி மென்பொருள் வழியாகச் செய்தது, 2021-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே, அதன் 5.15 பதிப்பில், அதற்கான டிரைவர் சேர்ந்துவிட்டது. தம்பிக்கு ஒரு குறையும் இருக்காது.

எக்ஸ்ஃபேட்டும் ஒரு தேர்வுதான். 4 ஜிபி தடை கிடையாது. லினக்ஸில் 5.7 கெர்னல் முதல் நல்ல டிரைவர் உண்டு. மேக் படிக்கும், எழுதும் (என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்க மட்டும்தான் செய்யும்). ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால், பாதியில் நின்ற வேலையை நினைவில் வைத்துச் சரிசெய்துகொள்ள அதற்கு வழி இல்லை. என்டிஎஃப்எஸ்ஸுக்கு உண்டு. இரண்டு, கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கக்கூடிய மிகச் சிறிய இடத்துண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் வழக்கமாக 128 கேபி கிளஸ்டர் போடும். 10 கேபி ஃபைல் ஒன்றும் 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் கணக்கு ஃபைல்கள் போன்ற சின்னச் சின்ன ஃபைல் ஒரு லட்சம் இருந்தால் 1 ஜிபி சரக்கு 12.8 ஜிபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என்டிஎஃப்எஸ்ஸின் வழக்கமான 4 கேபி கிளஸ்டரில் அதே ஃபைல்கள் 1.2 ஜிபியில் அடங்கிவிடும்.

டிவி விஷயத்தை ஊகிக்காதீர்கள். ஒரு பென்டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து, ஒரு வீடியோ போட்டு, டிவியில் செருகிப் பாருங்கள். ஓடினால் மேலே போகலாம். ஓடாவிட்டால் எக்ஸ்ஃபேட்டில் அதே சோதனை. கன்வர்ட்டுக்குப் பின் திரும்பி வர முடியாது என்பதால் இந்த ஐந்து நிமிடச் சோதனை முக்கியம்.

இனி வேலை. கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். உங்கள் டிஸ்குக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எழுத்து இ: என்று வைத்துக்கொள்கிறேன்.

டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. 05 என்பது பழுதாகி மாற்றிக்கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்கின் சிறு கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. வலது ஓரத்தில் வரும் மூல எண் மூன்றிலும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. சி5-இல் பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் கன்வர்ட், செக்டிஸ்க் (டிஸ்கில் பிழை பார்க்கும் விண்டோஸ் கருவி) இரண்டையும் மறந்துவிடுங்கள். அந்த டிஸ்க்கிலிருந்து முக்கியமான ஃபைல்களை, அதிலும் முதலில் போட்டோக்களை, வெளியே எடுப்பது மட்டுமே அப்போதைய வேலை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கில் செக்டிஸ்க்கை /ஆர் போட்டு ஓட்டுவது, இருக்கும் உயிரையும் வாங்கிவிடும். ஒவ்வொரு கெட்ட செக்டாரையும் அது திரும்பத் திரும்பப் படிக்க முயலும்.

பிரதிக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும், 1 டிபி அல்லது 2 டிபி. எஸ்.பி. ரோட்டிலேயே வாங்கலாம். ஆனால் அங்கே புதிய டிஸ்கும் கழற்றிய டிஸ்கைப் புது உறையில் போட்டதும் ஒரே மேசையில் கிடக்கும். பில்லும் வாரண்டியும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'பவர் ஆன் அவர்ஸ்' என்ற எண்ணைப் பாருங்கள். புதியது என்றால் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில ஆயிரம் மணி நேரம் காட்டினால் அது எங்கோ சிசிடிவி பெட்டியில் உழைத்துவிட்டு வந்தது, உடனே திருப்பிக் கொடுங்கள்.

காப்பி பண்ண ரோபோகாப்பி நல்லது. விண்டோஸிலேயே இருக்கிறது, கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலில் அடிக்க வேண்டும். புதிய டிஸ்க் எஃப்: என்றால்:

ரோபோகாப்பி இ:\ எஃப்:\பேக்கப் /இ /எஃப்எஃப்டி /ஆர்:1 /டபிள்யூ:1 /எக்ஸ்ஜே

/ஆர்:1, /டபிள்யூ:1 இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்கு ரோபோகாப்பி 30 வினாடிக்கு ஒரு தரம் என்று பத்து லட்சம் தடவை முயலும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் அதே ஃபைலில்தான் நின்றுகொண்டிருக்கும். /எஃப்எஃப்டி எதற்கென்றால், ஃபேட் நேரத்தை 2 வினாடிக் கணக்கில் பதிகிறது, என்டிஎஃப்எஸ் துல்லியமாகப் பதிகிறது. இந்த வித்தியாசத்தை அது பொறுத்துக்கொள்ளும், இரண்டாம் முறை ஓட்டும்போது எல்லாவற்றையும் மறுபடி காப்பி அடிக்காது. இன்னொரு சிக்கலும் வரும், பலர் பயந்துபோவது இதில்தான். ஒரு டிரைவின் தலைவாசலிலிருந்து காப்பி பண்ணினால் போய்ச் சேர்ந்த ஃபோல்டர் மறைந்துவிடலாம். டேட்டா அங்கேதான் இருக்கும். டிரைவின் வேர் ஃபோல்டருக்கு உள்ள 'மறைவு', 'சிஸ்டம்' என்ற இரண்டு குணங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு போயிருக்கும். 'அட்ரிப் -எஸ் -எச் எஃப்:\பேக்கப்' என்று அடித்தால் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கு: வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் 780 ஜிபிக்கு ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். சின்ன ஃபைல்கள் நிறைய இருப்பதால் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 30 எம்பியைத் தாண்டவே இல்லை என்றால் யுஎஸ்பி 2 வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். அப்போது 8 மணி நேரம் பிடிக்கும். பழைய எக்ஸ்டெர்னல் டிஸ்குகளில் உள்ள அகலமான சாக்கெட்டை உற்றுப் பாருங்கள், பெரிதும் சிறிதுமாக இரண்டு பகுதி ஒட்டியதுபோல் இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய செல்போன் சார்ஜர் கேபிளும் அழகாகப் பொருந்தும், டிஸ்கும் வேலை செய்யும், ஆனால் யுஎஸ்பி 2 வேகத்தில்தான். இரட்டைத் தலை உள்ள சரியான கேபிளைப் போட்டு, லேப்டாப்பின் நீல நிற போர்ட்டில் செருகுங்கள்.

காப்பி முடிந்ததும் அதே கட்டளையின் கடைசியில் /எல் சேர்த்து இன்னொரு தரம் ஓட்டுங்கள். எதையும் காப்பி பண்ணாது, எது விட்டுப்போயிருக்கிறது என்று பட்டியல் மட்டும் தரும். முதல் ஓட்டத்தின் முடிவில் 'ஃபெயில்ட்' என்ற கட்டத்திலும், இந்த ஓட்டத்தில் 'ஃபைல்ஸ்' வரியின் 'காப்பிட்' கட்டத்திலும் பூஜ்யம் இருக்க வேண்டும். பிறகு புதிய டிஸ்கிலிருந்தே பத்துப் பதினைந்து போட்டோக்களையும் இரண்டு வீடியோக்களையும் திறந்து பாருங்கள்.

இப்போது கன்வர்ட்.

அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் எங்கே தவறும் என்பதும் தெரியும். உங்கள் ஃபைல்கள் டிஸ்கில் இருக்கும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. காலியாக இருக்கும் இடத்தில் என்டிஎஃப்எஸ்ஸுக்குரிய புதிய அட்டவணையை அது எழுதுகிறது. எம்எஃப்டி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு, 'இந்த ஃபைல் இன்ன இடத்தில்' என்று. கடைசியில் பூட் செக்டாரை, அதாவது முதல் கட்டத்தை, மாற்றி, இனி இந்த அட்டவணைதான் செல்லும் என்று அறிவிக்கிறது. ஒரு நூலகத்தில் புத்தகங்களைத் தொடாமல் புதிய பதிவேடு எழுதி, பழையதை எடுத்துவிடுவது மாதிரி. அதனால்தான் 780 ஜிபி இருந்தாலும் இந்த வேலை மணிக்கணக்கில் இழுக்காது. ஜிபியைவிட ஃபைல்களின் எண்ணிக்கைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

பதிவேடு எழுத எவ்வளவு காலி இடம் வேண்டும்? மைக்ரோசாஃப்ட் என்டி காலத்திலேயே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. டிஸ்கின் மொத்த பைட்டை 803-ஆல் வகுக்க வேண்டும். ஃபைல், ஃபோல்டர் எண்ணிக்கையை 1280-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். மேலே சில எம்பி. உங்கள் 1 டிபிக்கு முதல் கணக்கு ஏறக்குறைய 1,245 எம்பி. ஃபைல்கள் 1,40,000 என்று வைத்தால் இரண்டாவது 179 எம்பி. ஆக 1.4 ஜிபி போதும், உங்களிடம் 150 ஜிபி இருக்கிறது. கழுத்துவரை நிரம்பிய டிஸ்கில்தான் "போதிய இடம் இல்லை" என்று நிற்கும். அப்படி நிற்பதும் நல்லதுதான். வேலையைத் தொடங்கும் முன்பே நின்றுவிடும், எதுவும் கெடாது.

மின்சாரத்தைப் பற்றி. பதிவேடு மாறும் கட்டத்தில் கரண்ட் போனால் டிஸ்க் 'ரா' என்று காட்டலாம், எந்த ஃபைல் சிஸ்டமும் இல்லாததுபோல. சார்ஜ் நிறைந்த லேப்டாப்பில் செய்யுங்கள். லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுக்கும் சிறிய டிஸ்க் என்றால் கவலை இல்லை. தனி அடாப்டர் வைத்த பெரிய டிஸ்க் என்றால் அதை யுபிஎஸ்ஸில் செருகுங்கள். அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது கைமாற எடுக்கும் அந்தச் சில வினாடியில் டிஸ்க் நின்றுவிடும். பெங்களூரில் ஏப்ரல், மே மாலைகளில் இடியும் மழையுமாக இருக்கும்போது இந்த வேலையை எடுக்காதீர்கள், காலையில் செய்யுங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் டிஸ்கில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து (செக்டிஸ்க்கை ஆங்கிலத்தில் சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்தாக அடிக்க வேண்டும்),

செக்டிஸ்க் இ: /எஃப்

சி5 பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் இது. டிவியில் செருகி, நிறுத்தாமல் பிடுங்கிய டிஸ்குகளில் 'டர்ட்டி' என்ற குறி விழுந்திருக்கும். அந்தக் குறி இருக்கும்வரை கன்வர்ட் மறுத்துவிடும். செக்டிஸ்க் அதை நீக்கும். 'ஃபவுண்ட்.000' என்று ஒரு ஃபோல்டர் புதிதாக வந்தால், உரிமையாளர் தெரியாத துண்டுகளை அதில் போட்டிருக்கிறது என்று பொருள். பிரதி எடுத்துவிட்டதால் பயமில்லை.

பிறகு:

கன்வர்ட் இ: /எஃப்எஸ்:என்டிஎஃப்எஸ் /நோசெக்யூரிட்டி

/நோசெக்யூரிட்டி எக்ஸ்டெர்னல் டிஸ்குக்கு அவசியம் என்பேன். ஃபேட்டுக்கு 'இந்த ஃபைல் யாருடையது' என்ற எண்ணமே கிடையாது, என்டிஎஃப்எஸ்ஸுக்கு உண்டு. இந்தச் சொல்லைச் சேர்த்தால் எல்லா ஃபைலையும் எல்லோரும் திறக்கலாம் என்று வைத்துவிடும். சேர்க்காவிட்டால், நாளைக்கு வேறு லேப்டாப்பில் செருகும்போது "அனுமதி இல்லை" என்று சில ஃபோல்டர்கள் முரண்டு பிடிக்கக்கூடும்.

கட்டளையைக் கொடுத்ததும் டிஸ்கின் பெயரைக் கேட்கும், வால்யூம் லேபிள் என்று. தவறான டிஸ்கை மாற்றிவிடாமல் இருக்கத்தான் இந்தக் கேள்வி. 'திஸ் பிசி'யில் டிஸ்கின் எழுத்துக்கு முன்னால் என்ன பெயர் இருக்கிறதோ அதை அப்படியே அடியுங்கள். பெயரே இல்லை என்றால் வெறும் என்டர். பெயர் பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

"டிரைவைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை" என்று வந்தால் ஏதோ ஒரு மென்பொருள் அந்த டிஸ்கைத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் திறந்திருக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல், ஆன்டிவைரஸ், அல்லது வீடியோ பிளேயர். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்ப முயலுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்டால் எக்ஸ்டெர்னல் டிஸ்குக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள். கண்ணெதிரே நடப்பதுதான் நல்லது. வேலை முடியும்வரை கேபிளைத் தொடக்கூடாது, டிஸ்கை மேசையில் நகர்த்தவும் கூடாது.

முடிந்ததும் இன்னொரு முறை 'செக்டிஸ்க் இ:' என்று மட்டும் ஓட்டுங்கள், /எஃப் இல்லாமல். பிழை இல்லை என்று சொல்ல வேண்டும். அடுத்து இதைப் பாருங்கள், பலரும் பார்க்காமல் விடுவது இது:

எஃப்எஸ்யூட்டில் எஃப்எஸ்இன்ஃபோ என்டிஎஃப்எஸ்இன்ஃபோ இ:

வரும் பட்டியலில் 'பைட்ஸ் பெர் கிளஸ்டர்' என்ற வரி. 4096 என்று இருந்தால் நன்று. சில பழைய டிஸ்குகளில் ஃபேட்டின் டேட்டா பகுதி 4 கேபி எல்லையில் தொடங்கியிருக்காது. அப்போது 512 என்று வந்து நிற்கலாம். 512 என்றால் ஒவ்வொரு ஃபைலும் எட்டு மடங்கு பொடித்துண்டுகளாகக் கணக்கு வைக்கப்படும், பெரிய வீடியோக்கள் சிதறும், டிஸ்க் தேய்ந்ததுபோல் மெதுவாக ஓடும். அதைப் பின்னால் திருத்த விண்டோஸ் கருவி கிடையாது. பிரதி கையில் இருப்பதால், நேராக என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் போட்டு ரோபோகாப்பியைத் திருப்பி ஓட்டுவதே மேல்.

உண்மையில், பிரதி எடுத்து முடித்த பிறகு எல்லோருக்குமே இந்த இரண்டாம் வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். நான்கு மணி நேரம் கூடுதலாகும், ஆனால் சரியான கிளஸ்டர், சிதறாத எம்எஃப்டி, ஒழுங்காக அடுக்கிய ஃபைல்கள் கிடைக்கும். கன்வர்ட் நேரம் இல்லாதவர்களுக்கு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்கின் பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவு) வலது கிளிக் செய்து ஃபார்மேட், என்டிஎஃப்எஸ், அலோகேஷன் யூனிட் 'டிஃபால்ட்', குவிக் ஃபார்மேட் டிக். அந்தப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை: அதே ஜன்னலில் உங்கள் லேப்டாப்பின் உள் டிஸ்கும் தெரியும். அதில் 100 எம்பி அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று 'இஎஃப்ஐ சிஸ்டம்' என்ற பெயரில் இருக்கும். இதையும் என்டிஎஃப்எஸ் ஆக்கலாமே என்று கை வைத்தால் லேப்டாப் எழுந்திருக்காது. கம்ப்யூட்டரின் ஃபர்ம்வேர் அதை ஃபேட்டில்தான் எதிர்பார்க்கிறது.

ஒருவேளை வேலை நடுவில் கெட்டு, டிஸ்க் 'ரா' என்று காட்டினால், அதில் எதையும் எழுதாதீர்கள், ஃபார்மேட் கேட்டால் மறுத்துவிடுங்கள். பிரதி இருந்தால் கவலையே இல்லை, ஃபார்மேட் போட்டுத் திரும்ப ஏற்றலாம். பிரதி எடுக்காமல் செய்தவர்களுக்கு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி ஒரு வழி. ஃபேட்32 தன் பூட் செக்டாருக்கு ஒரு நகலை வழக்கமாக பார்ட்டிஷனின் 6-ஆம் செக்டாரில் வைத்திருக்கும். என்டிஎஃப்எஸ் தன் நகலைக் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். எந்த நகல் நல்ல நிலையில் இருக்கிறது என்று டெஸ்ட்டிஸ்க் காட்டும். அதையும் டிஸ்கின் முழு இமேஜ் (உள்ளது உள்ளபடியான நகல்) ஒன்றை வேறு டிஸ்கில் எடுத்த பிறகே செய்ய வேண்டும்.

தம்பியின் இஎக்ஸ்டி4 விஷயம். அவனுக்கென்று தனி டிஸ்க் இருந்தால் தாராளமாக இஎக்ஸ்டி4 போடலாம். என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து இஎக்ஸ்டி4-க்கு, இருந்த இடத்திலேயே மாற்றும் நம்பகமான கருவி இல்லை. லினக்ஸ் உலகத்துக்குள் சில பாதைகள் உண்டு: இஎக்ஸ்டி3-ஐ டியூன்2எஃப்எஸ் கொண்டு இஎக்ஸ்டி4 ஆக்கலாம், இஎக்ஸ்டி4-ஐ பிடிஆர்எஃப்எஸ்-கன்வர்ட் கொண்டு பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் ஆக்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பியும் வரலாம். ஆப்பிள் 2017-இல் தன் பழைய எச்எஃப்எஸ் பிளஸ்ஸிலிருந்து ஏபிஎஃப்எஸ்ஸுக்கு இப்படித்தான் மாற்றியது. ஒரே குடும்பத்துக்குள் யாராவது உட்கார்ந்து பாதை போட்டால்தான் உண்டு, குடும்பம் விட்டுக் குடும்பம் தாண்ட ஆள் இல்லை.

"இன்னொரு டிஸ்க் இல்லாமல், பார்ட்டிஷனைச் சுருக்கி, மிச்ச இடத்தில் இஎக்ஸ்டி4 போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாமே" என்று சிலர் யோசிப்பார்கள். உங்கள் கணக்கில் 140 ஜிபி வீதம் ஆறு சுற்று வரும். சுருக்கும்போது மிச்சமாகும் இடம் புதிய பார்ட்டிஷனுக்கு இடது பக்கம் விழும். இஎக்ஸ்டி4-ஐ இடதுபுறம் நீட்ட வேண்டுமென்றால் அதில் இருக்கும் டேட்டா முழுவதையும் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி முன்னால் இழுக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும். நடுவில் ஒரு தடவை நின்றால் இரண்டு பக்கமும் போகும். ஒரு டிஸ்க் வாங்கும் காசை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தம்பி தனி டிஸ்கில் போடும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு (லினக்ஸின் தலைமைப் பயனர்) ஒதுக்கிவிடும். 1 டிபியில் அது 46 ஜிபிக்கு மேல். வெறும் டேட்டா டிஸ்குக்கு அது தேவையில்லை. ஃபார்மேட் கட்டளையில் '-எம் 0' சேர்த்தால் போதும், பிறகு டியூன்2எஃப்எஸ்ஸிலும் செய்யலாம். அடுத்து, ஃபார்மேட் ஆன டிஸ்க் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும். 'சோன்' போட்டுத் தன் பெயருக்கு மாற்றாமல் ஒரு ஃபைல்கூட எழுத முடியாது. மூன்றாவது, பழைய டிஸ்கை எஃப்எஸ்டேப்பில் (உபுண்டு எழும்போது ஏற்றும் டிஸ்குகளின் பட்டியல்) யுயுஐடி என்ற அடையாள எண் கொடுத்து ஏற்றியிருந்தால், ஃபார்மேட்டோடு அந்த யுயுஐடி மாறிவிடும். மாற்றாமல் விட்டால் அடுத்த தடவை உபுண்டு எழும்போது இல்லாத டிஸ்கைத் தேடிக்கொண்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். 'பிஎல்கேஐடி'யில் புதிய எண்ணைப் பார்த்து எழுதி, கூடவே 'நோஃபெயில்' என்று சேர்க்கட்டும்.

பொது டிஸ்கை விண்டோஸிலிருந்து எடுத்து உபுண்டுவில் செருகும்போதும் ஒரு சிக்கல் வரலாம். டிஸ்க் செருகியிருக்கும்போதே லேப்டாப்பை ஹைபர்னேட் செய்தாலோ, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் விண்டோஸை ஷட்டவுன் செய்தாலோ, விண்டோஸ் அந்த என்டிஎஃப்எஸ்ஸை முழுதாக மூடாமல் போகலாம். உபுண்டு அதைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது, அல்லது ஏற்றவே மறுக்கும். பணிப்பட்டியில் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து விளக்கு அணைந்த பிறகு கழற்றினால் இது வராது. வந்துவிட்டால், விண்டோஸில் மறுபடி செருகி முறையாகக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்து கல்யாண வீடியோ ஏறிய பிறகு, பிரதி எடுத்த டிஸ்கைக் காலி செய்துவிடாதீர்கள். அதை வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே ரோபோகாப்பி கட்டளையை ஓட்டினால் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் அதில் ஏறிக்கொள்ளும். இந்த முறை இரண்டு பக்கமும் என்டிஎஃப்எஸ் என்பதால் /எஃப்எஃப்டி வேண்டாம்.